தெரியாத நம்பரும் கோர்ட் உத்தரவும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். மனு எழுதிக் கொடுப்பது, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று காட்டுவது, வக்கீல் சொன்னது புரியாதவர்களுக்கு மறுபடி எடுத்துச் சொல்வது, இதுதான் வேலை. குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். குடும்ப வன்முறை வழக்குப் போட்டு, "எதிர்மனுதாரர் மனுதாரரைத் தொடர்பு கொள்ளக் கூடாது" என்று உத்தரவும் வாங்கிய பெண்கள் அடுத்த வாய்தாவுக்கு வரும்போது போனை நீட்டுகிறார்கள். "அக்கா, இந்த நம்பர் யாருதுன்னே தெரியல, தினமும் வருது. இது அவர்தானா? நான் எடுத்துட்டா உத்தரவு கேன்சல் ஆயிடுமா?"

இதே கேள்வி பத்து விதமாக வருவதால் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் கிடையாது. உங்கள் வழக்குக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை உங்கள் வக்கீலிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். அடி, உதை, உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 112 அல்லது 100. பெண்களுக்கான உதவி எண் 181, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

தொடர்பு கொள்ளக் கூடாது என்ற உத்தரவு எந்தச் சட்டத்தில் வருகிறது?

பெரும்பாலும் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட்டில் எல்லோரும் டி.வி. ஆக்ட் என்பார்கள். அதன் 18-வது பிரிவில் நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், போடுவது பாதுகாப்பு உத்தரவு. நேரில், பேச்சில், எழுத்தில், மின்னணு வழியில், தொலைபேசியில் என எந்த வகையிலும் தொடர்பு கொள்ள முயற்சி செய்யக் கூடாது என்று தடுக்க அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது. "முயற்சி" என்ற சொல்லைக் கவனியுங்கள். பேசினால்தான் தப்பு என்று இல்லை.

ஆனால் உங்கள் கையில் இருக்கும் உத்தரவில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 18-வது பிரிவில் பல தடைகள் உண்டு: வன்முறை செய்யக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, சொத்தை விற்கக் கூடாது என்று. நடுவர் எல்லாவற்றையும் போட்டிருக்கலாம், இரண்டை மட்டும் போட்டிருக்கலாம். சிலருக்கு 19-வது பிரிவில் வீட்டில் தங்கும் உரிமை மட்டும் கிடைத்திருக்கும். அதை வைத்துக்கொண்டு "போன் பண்ணக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு" என்று ஸ்டேஷனுக்குப் போய், அங்கே "அப்படி எதுவும் இதில் இல்லையேம்மா" என்று கேட்டுத் திரும்பி வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். 24-வது பிரிவின்படி உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம். வாங்குங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகளிர் ஸ்டேஷனில் "இனி தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தாரே. அது போதாதா?

நம் பக்கத்தில் மிக அதிகமாக ஏமாற்றம் தருவது இதுதான். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பீர்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது போடுவார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வருவார்கள். வெள்ளைத் தாளில் அவர் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாளின் ஜெராக்ஸை பிளாஸ்டிக் கவரில் போட்டு, நகை ரசீதோடு பத்திரமாக வைத்திருப்பார்கள் நம் பெண்கள்.

அது கோர்ட் உத்தரவு கிடையாது. அதை மீறினார் என்பதற்காக டி.வி. ஆக்ட் தண்டனைப் பிரிவில் வழக்குப் போட முடியாது. அந்தத் தாளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தொந்தரவு இருந்தது, அதை அவரே ஒப்புக்கொண்டார் என்று நடுவரிடம் காட்ட அது நல்ல ஆவணம். ஆனால் உத்தரவு வேண்டுமென்றால் 12-வது பிரிவில் மனுப் போட வேண்டும். வேலூருக்கு கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். இந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவ அரசு வைத்திருக்கும் அதிகாரி அவர். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா ஆட்களுக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களுக்குத் திருப்பத்தூர். பழைய ஞாபகத்தில் வேலூருக்கு பஸ் ஏறி வந்து ஒரு நாள் கூலியை இழக்காதீர்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் தர 1987-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எண் 15100.

இன்னொன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். கிரிமினல் வழக்கில் ஜாமீன் கொடுக்கும்போது "சாட்சிகளை நெருங்கக் கூடாது" என்று நிபந்தனை போடுவதுண்டு. அது ஜாமீன் நிபந்தனை. மீறினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவு வேறு, வழி வேறு. உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியும்.

தெரியாத நம்பரிலிருந்து போன் வருகிறது. எடுத்தால் பேச்சே இல்லை. அவர்தானா?

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பயத்தில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு ரிங்கும் அவர்தான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் அடி வாங்கிய உடம்புக்குப் போன் அடித்தாலே கை நடுங்கும்.

பேச்சில்லாத அழைப்புகளில் பல, கால் சென்டர் எந்திரம் போடுபவை. ஒரே நேரத்தில் பல நம்பருக்கு எந்திரம் அடிக்கும். நீங்கள் எடுக்கும்போது அந்தப் பக்கம் பேச ஆள் காலியாக இல்லை என்றால் இரண்டு மூன்று விநாடி அமைதி, அப்புறம் கட். லோன் கம்பெனி, விளம்பரம் எல்லாம் இப்படி வரும். வெளிநாட்டுக் கோடு எண்ணிலிருந்து ஒரே ரிங் அடித்து நின்றால், திருப்பிக் கூப்பிட வைத்துப் பணம் பிடுங்கும் கும்பலாக இருக்கலாம். திருப்பிக் கூப்பிடாதீர்கள்.

அவராக இருந்தால் வேறு மாதிரி இருக்கும். அழைப்பு நீளும். மூச்சு, டிவி சத்தம், தெரிந்த தெருவின் சத்தம் கேட்கும். நீங்கள் வீட்டுக்கு வந்த நேரம், அண்ணன் வெளியே போன நேரம் என்று உங்கள் நடமாட்டத்தோடு ஒட்டி வரும். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து போனை எடுத்ததும் பதினைந்து மிஸ்டு கால் பார்ப்பார்கள். எல்லாம் சாப்பாட்டு இடைவேளை நேரத்திலேயே வந்திருந்தால், இடைவேளை எப்போது என்று தெரிந்த ஆள்தான்.

ட்ரூகாலரில் வரும் பெயரை ஆதாரம் என்று நம்பாதீர்கள். யாரோ தங்கள் போனில் சேமித்து வைத்த பெயர் அது. நம்பர் யார் பேரில் இருக்கிறது என்பதைப் போலீஸ்தான் கம்பெனியிடம் முறையாகக் கேட்டு வாங்க முடியும். அழைப்பு விவரங்களை 2 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை விதியை மாற்றியது. அதனால் போன மாதம் வந்த அழைப்பு அழிந்துபோயிருக்கும் என்று கைவிட்டுவிட வேண்டாம். வாட்ஸ்அப் கால் அந்தப் பட்டியலில் வராது. அதற்கு ஸ்கிரீன்ஷாட்தான்.

என்ன எழுதி வைக்க வேண்டும்?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவார். வீட்டில் பீடி சுற்றுகிறவர். எவ்வளவு இலை வாங்கினோம், எத்தனை பீடி திருப்பிக் கொடுத்தோம் என்று கணக்கு எழுதும் நீளமான நோட்டு ஒன்று அவரிடம் உண்டு. அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து போன் கணக்கு எழுதினார். ஓரமெல்லாம் புகையிலைத் தூள். ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன்:

"செவ்வாய். ராத்திரி 9.47. கடைசி ரெண்டு எண் 61. எடுத்தேன். பேச்சு இல்ல. பஸ் ஆரன். 11 செகண்ட்.
புதன். காலை 6.10. அதே நம்பர். எடுக்கல. 3 தடவ.
புதன். பகல் 11.30. வேற நம்பர். பேச்சு இல்ல. 3 செகண்ட்.
புதன். ராத்திரி 10.05. கடைசி ரெண்டு எண் 18. அவர் குரல். நாளைக்கி கோர்ட்டுக்கு வராதன்னு சொன்னார். அம்மா பக்கத்துல இருந்தாங்க."

ஏழாம் வகுப்பு வரை படித்தவர். எந்த வக்கீலும் இதைவிடச் சுத்தமாக எழுதச் சொல்லித்தர முடியாது. தேதி, மணி, நம்பர், எத்தனை விநாடி, என்ன கேட்டது, பக்கத்தில் யார். தான் நினைத்ததை அவர் எழுதவில்லை, காதில் விழுந்ததை மட்டும் எழுதினார். இரண்டு மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ராத்திரி அழைப்புகளில் பாதிக்கு மேல் வாய்தாவுக்கு முந்தின நாள். அதே நோட்டு வேறொன்றையும் காட்டியது. பகல் பதினொன்றரை மணி வாக்கில் தினமும் வந்த மூன்று விநாடி அழைப்புகள் விளம்பர நம்பர். அதையும் அவர்தான் என்று அந்தப் பெண் நடுங்கிக்கொண்டிருந்தார். மனுவில் அந்த நம்பரை எடுத்துவிட்டோம். பத்து அழைப்பில் ஒன்று பொய்யாகிப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மீதி ஒன்பதையும் ஆட்டுவார்.

போனிலேயே இருக்கிறதே என்று விட வேண்டாம். கால் லிஸ்ட் ஓர் அளவுக்கு மேல் போனால் பழையது தானாக அழியும். அன்றன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அப்புறம், அந்தப் போனைத் தீபாவளி எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் வைக்க, 2023-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கு அசல் போன் கையில் இருப்பது நல்லது.

நம்பரை பிளாக் செய்துவிடலாமா? சிம்மையே மாற்றிவிட்டால்?

உங்கள் நிம்மதி முக்கியம். தூக்கம் போகிறது என்றால் பிளாக் செய்யுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பழைய சிம்மைத் தூக்கி எறிய வேண்டாம். பேங்க், ஆதார், ரேஷன் ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும். அந்த நம்பர் பிறகு வேறு யாருக்காவது போய்விடவும் கூடும். பழைய பட்டன் போனில் அதைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, அம்மா வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் புது நம்பரில் வாழ்க்கையைப் பாருங்கள். வாரம் ஒரு தடவை எடுத்துப் பார்த்து நோட்டில் ஏற்றினால் போதும்.

அவர் பேசுவதை ரெக்கார்ட் செய்வது குற்றமா?

உங்களிடம் அவர் பேசுவதை நீங்கள் பதிவு செய்வதும், அடுத்தவர் போனை ஒட்டுக்கேட்பதும் வேறு வேறு. கணவன் மனைவி பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவை வக்கீலிடம் கொடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.

நான் போனை எடுத்துப் பேசிவிட்டேன். ஒரு தடவை நானே கூப்பிட்டும் விட்டேன். உத்தரவு செல்லாமல் போய்விடுமா?

போகாது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த உத்தரவு அவரைக் கட்டுப்படுத்துகிறது. உங்களைக் கட்டுப்படுத்தவில்லை. போனை எடுத்ததற்காக உங்கள் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. "நீ எடுத்துட்ட, இனி ஆர்டர் செல்லாது" என்று அவர் தரப்பில் சொல்வதைக் கேட்டுப் பயந்து, அடுத்த மூன்று மாதம் எந்த மிரட்டலையும் வெளியே சொல்லாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். யாரோ சொன்ன ஒரு பொய் அந்த மூன்று மாதத்தைத் தின்றது.

அதற்காக நீங்களே அடிக்கடி கூப்பிட்டுப் பேசுவது நல்லதென்று சொல்ல மாட்டேன். "அவங்கதான் தினமும் பேசுறாங்க, பயமிருந்தால் பேசுவாங்களா" என்று கோர்ட்டில் கேட்பார்கள். பேசிவிட்டால் அதையும் நோட்டில் எழுதுங்கள். வக்கீலிடம் மறைக்காதீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல், அவரைக் கூப்பிட்டேன் என்றால் அப்படியே எழுதுங்கள்.

என் மேல்தான் உத்தரவு இருக்கிறது. என் மனைவியே போன் செய்கிறார். எடுத்தால் தப்பா?

ஆண்களும் வந்து கேட்கிறார்கள், கேட்பதே நல்லதுதான். தம்பி, உத்தரவு உங்கள் பேரில் இருக்கிறது. அவர் கூப்பிட்டதால் அது தளர்ந்துவிடாது. அதைத் தளர்த்தும் அதிகாரம் நடுவருக்கு மட்டும்தான். மிஸ்டு கால் பார்த்துத் திருப்பிக் கூப்பிடாதீர்கள். தேதி, நேரம் குறித்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். நிலைமை மாறியிருந்தால் 25-வது பிரிவில் உத்தரவை மாற்றக் கேட்க உங்களுக்கும் உரிமை இருக்கிறது. உத்தரவே தப்பு என்று நினைத்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போகலாம். நண்பன் போனை வாங்கிப் பேசுவது, புது சிம் வாங்குவது எல்லாம் உங்களைத்தான் மாட்டிவிடும். கைதவறி ஒரு தடவை டயல் ஆகிவிட்டால் உடனே கட் செய்துவிட்டு வக்கீலுக்குச் சொல்லிவிடுங்கள். "ஸாரி, தெரியாமல் பட்டுவிட்டது" என்று மெசேஜ் அனுப்ப வேண்டாம். அதுவும் ஒரு தொடர்புதான்.

அவர் பேசுவதில்லை. மாமியார், நாத்தனார், ஊர்ப் பெரியவர் பேசுகிறார்கள். அதைத் தடுக்க முடியுமா?

முதலில் உத்தரவில் எதிர்மனுதாரர்கள் யார் யார் என்று பாருங்கள். மாமியார் பெயரும் இருந்தால் அவரும் கட்டுப்பட்டவர். பெண்களை எதிர்மனுதாரராகச் சேர்க்க முடியாது என்று ஒரு காலத்தில் வாதம் இருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது.

பெயர் இல்லை என்றால், அவர் சொல்லி அனுப்பிய செய்தியா என்பதே கேள்வி. "அண்ணன் சொல்லச் சொன்னாரு, கேஸை வாபஸ் வாங்கிக்கோ" என்று நாத்தனார் சொன்னால் அந்த வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். இது மறைமுகத் தொடர்பு என்று நடுவரிடம் சொல்லி, உத்தரவில் இன்னும் தெளிவாக வரி சேர்க்கக் கேட்கலாம். ஊர்ப் பெரியவர் நல்ல எண்ணத்தில்கூட வரலாம். "பெரியப்பா, கோர்ட்டில் இருக்குது, எதுவா இருந்தாலும் வக்கீல்கிட்ட பேசுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வாயில் வந்து நிற்கும் பழைய கோபத்தையெல்லாம் அவரிடம் கொட்ட வேண்டாம். அவர் நேராக அங்கேதான் போவார்.

பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டுவது தனிக் குற்றம், பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 232-வது பிரிவு.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஜி-பே எல்லாம் தொடர்பில் சேருமா?

பிளாக் செய்த பிறகு சிலர் ஜி-பேயில் ஒரு ரூபாய் அனுப்புகிறார்கள். ரூபாயோடு ஒரு வரி: "எவ்ளோ நாள் ஓடுவ". மறுநாள் இன்னொரு ரூபாய், இன்னொரு வரி. ஒரு பெண் அப்படி வந்த பதினான்கு ரூபாயைக் காட்டினார். பணம் அனுப்பினால் குற்றமா என்று அவருக்கே சந்தேகம். அது மின்னணு வழியில் வந்த செய்தி. "எந்த வகையிலும்" என்று உத்தரவில் இருந்தால் இதுவும் அடங்கும். ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்டிலும் தேதியோடு பதிவாகியிருக்கும்.

ஸ்டேட்டஸ் கொஞ்சம் சிக்கலானது. பொதுவாகச் சோகப் பாட்டு வைத்தால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் பெயர், போட்டோ, மிரட்டல் இருந்தால் அது வேறு கதை.

குழந்தையைப் பார்க்க, குழந்தையிடம் பேச வேண்டும் என்கிறார்.

அதற்கு 21-வது பிரிவில் நடுவரிடம் கேட்க வேண்டும். எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி நேரம் என்று உத்தரவிலேயே வரும். "புள்ளைகிட்ட பேசத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லி உங்களிடம் பேசுவதற்கு அது அனுமதி ஆகாது. வாரம் ஒரு வீடியோ கால், பாட்டி போன் மூலம் என்பது போல எழுதி வாங்கினால் இரண்டு பக்கமும் சண்டை குறைகிறது.

வாய்தா அன்று கோர்ட்டில் அவர் எதிரில் நிற்கிறார். அது மீறலா?

வழக்குக்கு வந்தது மீறல் ஆகாது. பக்கத்தில் வந்து பேசினால், மிரட்டினால் உடனே வக்கீலிடம் சொல்லுங்கள், நடுவர் அழைக்கும்போது அவரிடமே சொல்லுங்கள். தனியாக வராதீர்கள்.

அவர் சித்தூரில் இருக்கிறார். வேலூர் உத்தரவு ஆந்திராவில் செல்லுமா?

செல்லும். 27-வது பிரிவின்படி இந்தியா முழுக்கச் செல்லும். காட்பாடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எல்லை வந்துவிடுகிற நம் ஊரில் இது அடிக்கடி வரும் கேள்வி. பெங்களூருக்கு வேலைக்குப் போனவருக்கும் இதே பதில். நீங்கள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே வழக்கும் போடலாம்.

மீறினால் எங்கே போவது? உடனே ஜெயிலா?

மூன்று வழி உண்டு. பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம், அவர் நடுவருக்கு அனுப்புவார். நேராக நடுவரிடம் போகலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். உத்தரவின் நகலை எப்போதும் பையில் வைத்திருங்கள். ராத்திரி டூட்டியில் இருக்கும் காவலருக்கு உங்கள் வழக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அந்தத் தாளைக் காட்டித்தான் பேச வேண்டும்.

31-வது பிரிவில் 1 வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 32-வது பிரிவு சொல்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்தே மீறல் நடந்தது என்று கோர்ட் முடிவுக்கு வரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. "சாட்சி யாரும் இல்லையே" என்று திரும்பிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாமீனில் விட முடியாதது என்றால் ஜாமீனே கிடைக்காது என்று அர்த்தமில்லை, கோர்ட்தான் முடிவு செய்யும். போலீஸ் முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கவும் செய்யலாம். அன்றைக்கே உள்ளே போவார் என்று எண்ணிப் போனால் மனம் உடைந்துவிடுவீர்கள்.

உத்தரவு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மறக்காமல் கேளுங்கள். அவர் வராமலே 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு போட்டிருப்பார்கள். அது செல்லும். ஆனால் "எனக்குத் தெரியவே தெரியாது" என்று அவர் சொல்ல இடம் இருக்கக் கூடாது. சார்பு செய்த அத்தாட்சி, அதாவது உத்தரவை அவரிடம் சேர்த்ததற்கான சான்று, கோப்பில் இருக்கிறதா என்று வக்கீலிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

"கோர்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் மேல் உத்தரவு இருக்கிறது, பணம் கட்டினால் முடித்துவிடலாம்" என்று போன் வந்தது.

மோசடி. வழக்கு இருக்கிற வீட்டில் இந்த மாதிரி போன் வந்தால் உண்மை என்று நம்பிவிடுகிறார்கள், அதுதான் கொடுமை. கோர்ட்டோ மகளிர் ஸ்டேஷனோ போனில் பணம் கேட்காது. சம்மன் மின்னணு வழியில் வர இப்போது சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அதில் க்யூ.ஆர். கோடு போட்டு ஜி-பே செய்யச் சொல்ல மாட்டார்கள். விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸைப் போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீடியோ காலில் உட்கார வைக்கும் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்பது சட்டத்திலேயே இல்லை.

சந்தேகம் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்குக்குக் கொடுத்திருக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பாருங்கள். அடுத்த வாய்தா எப்போது, என்ன உத்தரவு என்று காட்டும். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930. பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் சக்ஷு என்ற பகுதியில் புகார் கொடுக்கலாம். உங்கள் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் அதே தளத்தில் பார்க்கலாம். கணவர் உங்கள் ஆதாரில் சிம் வாங்கி வைத்திருந்தது அப்படித்தான் ஒருவருக்குத் தெரிந்தது.

எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒருவன் விடாமல் போன் செய்கிறான்.

சேர்ந்து வாழ்ந்திருந்தால் டி.வி. ஆக்ட் பொருந்தலாம். இல்லை என்றால் உத்தரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வது பின்தொடர்தல் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவு. முதல் தடவைக்கு 3 வருடம் வரை, மறுபடி செய்தால் 5 வருடம் வரை சிறை. "எனக்கு விருப்பமில்லை, இனி கூப்பிடாதே" என்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்பி அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பதில் போடாதீர்கள்.

உத்தரவு எத்தனை நாளைக்கு? நாங்கள் சேர்ந்துவிட்டோம் என்றால்?

இறுதி உத்தரவு என்றால், விலக்கிக்கொள்ளச் சொல்லி நீங்கள் மனுப் போடும் வரை இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தானாகக் காலாவதி ஆகாது. சமாதானமாகி ஒரே வீட்டில் இருந்தாலும், கோர்ட்டில் சொல்லாத வரை தாளில் அது உயிரோடுதான் இருக்கிறது. சேர்ந்து வாழ முடிவு செய்தால் 25-வது பிரிவில் மனுப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முழுவதையும் எடுத்துவிடத் தேவையில்லை. தொடர்பு கொள்ளக் கூடாது என்ற வரியை மட்டும் நீக்கிவிட்டு, வன்முறை செய்யக் கூடாது என்ற வரியை அப்படியே வைத்திருக்கச் சொல்லிக் கேட்கலாம். பீடி நோட்டுக்காரப் பெண் அப்படித்தான் கேட்டிருக்கிறார். நோட்டை என்ன செய்வது என்றார். வைத்திருங்கள் என்றேன்.